கபடி நடுவரின் இடது முழங்கால்: 15 மாத மீட்சி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இவருக்கு வயது 47. கடலூர் மாவட்டத்தில் உடற்கல்வி ஆசிரியர். படிக்கிற காலத்தில் கபடி ஆடியவர். அப்புறம் 20 ஆண்டுகளுக்கும் மேலாகப் பள்ளிப் போட்டிகளிலும், பொங்கலுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் ஊர் ஊராக நடக்கும் போட்டிகளிலும் நடுவராக நிற்கிறார். நான் கடலூரில் சின்ன அளவில் பிசியோதெரபி நிலையம் நடத்துகிறேன். அவருடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். பெயர், பள்ளி, ஊர் எதையும் குறிப்பிடவில்லை.

ஆட்டக்காரர்களின் முழங்காலைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நடுவரின் முழங்காலைப் பற்றி யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. முதல் ஏழு மாதம் நானும் யோசிக்கவில்லை. அதற்கான விலையை அவர்தான் கொடுத்தார்.

அடிபட்ட இரவு

2024 பொங்கல் விடுமுறை. பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் மண் தரையில், விளக்கு கட்டி, இரவு முழுக்க ஆட்டம். அன்றைக்கு அது அவருக்கு ஆறாவது ஆட்டம், மணி அதிகாலை 2 இருக்கும். பாடி வந்தவரை நான்கு பேர் சேர்ந்து பிடித்தார்கள். பிடித்த வேகத்தில் மொத்தப் பேரும் லாபியைத் (ஆடுகளத்தின் பக்க ஓரப் பட்டை) தாண்டி வெளியே சரிந்தார்கள். நடுவர் பின்னால் நகர இடமில்லை. முதுகுக்குப் பின்னால் கயிறு, கயிற்றை ஒட்டிச் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். இடது பாதம் மண்ணில் அழுந்தி ஊன்றியிருந்தபோது ஒருவருடைய தோள் அந்த முழங்காலின் வெளிப்பக்கத்தில் மோதியது. மூட்டு உள்பக்கமாக மடங்கியது.

"டப்புன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு மேடம். ஆனாலும் பாயிண்ட் யாருக்குன்னு சொல்லிட்டுத்தான் உட்கார்ந்தேன்" என்றார் பின்னாளில்.

மறுநாள் காலையில் முழங்கால் வீங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. "எலும்பு நல்லாத்தான் இருக்கு" என்ற ஒரு வார்த்தையே அவருக்குப் போதுமானதாக இருந்தது. வீட்டுப் பெரியவர்கள் சொன்னபடி கட்டுப் போடும் ஓர் இடத்துக்குப் போனார். முட்டை வெள்ளையும் உளுத்தமாவும் தடவிய துணி, மூங்கில் பத்தை, தொடை நடுவிலிருந்து கணுக்கால் வரை இறுக்கமான கட்டு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பிரித்துக் கட்டினார்கள். இப்படியே 6 வாரம் கால் நீட்டிய நிலையில் இருந்தது.

அவர் அங்கே போனதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் கை கால் அடிபட்டால் பாதிக் குடும்பங்கள் முதலில் போகும் இடம் அதுதான். செலவு குறைவு, போனால் உடனே பார்ப்பார்கள். ஆனால் வீங்கிய முழங்காலை 6 வாரம் அசைக்காமல் வைத்தால் என்ன ஆகும் என்பதை மார்ச் முதல் வாரத்தில் அவர் என் நிலையத்தின் படியேறிய விதத்திலேயே பார்த்தேன். கைப்பிடியைப் பிடித்து, வலது காலை முதலில் வைத்து, இடது காலை மரக்கட்டை போலத் தூக்கிப் பக்கத்தில் வைத்தார்.

முதல் பரிசோதனையில் கண்டது

முழங்கால் 70 பாகைக்கு மேல் மடங்கவில்லை. முழுதாக நீட்டவும் முடியவில்லை, 10 பாகை குறைந்தது. முழங்கால் சில்லுக்கு மேலே 10 செ.மீ. உயரத்தில் டேப் வைத்து அளந்தபோது இடது தொடை வலது தொடையைவிட 3.5 செ.மீ. மெலிந்திருந்தது. சில்லை விரலால் அழுத்தினால் மிதந்து தட்டியது, அதாவது மூட்டுக்குள் இன்னும் நீர் இருந்தது. தொடையை இறுக்கச் சொன்னேன். நெற்றி வியர்த்தது, தொடை அசையவில்லை.

இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் சோம்பல் என்றோ பயம் என்றோ நினைத்துவிடுகிறார்கள். மூட்டுக்குள் நீர் கோத்திருந்தால் அங்கிருந்து போகும் நரம்புச் செய்தி முன்தொடைத் தசையை அடக்கி வைக்கும். மனிதர் எவ்வளவு முயன்றாலும் தசைக்குக் கட்டளை முழுதாகப் போய்ச் சேராது. அதனால் தசை மெலியும். தசை மெலிந்தால் மூட்டு ஆடும், ஆடினால் மறுபடி வீங்கும். இவர் அந்தச் சுழலில் ஒன்றரை மாதமாக மாட்டியிருந்தார்.

"ஜவ்வு" என்ற ஒரே சொல்

மார்ச் நடுவில் எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையைப் படித்துவிட்டு அவர் மனைவி என்னிடம் கேட்ட கேள்வி, "மூணு ஜவ்வும் கிழிஞ்சிடுச்சாமே, இனி நடக்கவே முடியாதா?"

நாம் ஜவ்வு என்று சொல்வதில் வேறு வேறு பொருள்கள் அடங்கியிருக்கின்றன. முழங்காலின் உள்பக்கத்தில் பட்டை போல இருக்கும் தசைநார் ஒன்று. மூட்டுக்குள் குறுக்காக ஓடி, கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடித்துக்கொள்ளும் தசைநார் இன்னொன்று, விளையாட்டுச் செய்திகளில் ஏசிஎல் என்று வருவது இதுதான். மூன்றாவது தசைநாரே இல்லை, இரண்டு எலும்புக்கும் நடுவில் பிறை வடிவில் கிடக்கும் மெத்தை. மூன்றும் குணமாகும் விதம் வேறு. உள்பக்கத் தசைநாருக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் பெரும்பாலும் அறுவை இல்லாமலே கூடிவிடும். ஏசிஎல் முழுதாக அறுந்தால் தானாகக் கூடுவது கடினம். மெத்தையின் வெளி ஓரத்துக்கு மட்டுமே ரத்தம் போகிறது.

இவருக்கு உள்பக்கத் தசைநார் பாதி கிழிந்து, ஏற்கெனவே தடித்து ஆறத் தொடங்கியிருந்தது. ஏசிஎல் ஒரு பகுதிதான் கிழிந்திருந்தது. மெத்தையின் பின்பகுதிக் கிழிசல், அடிபட்டுக் கிழிந்தது என்பதைவிட வயதில் தேய்ந்து பிளந்தது போலத் தெரிந்தது. ஒரு தாளில் முழங்காலைப் படம் வரைந்து மூன்றையும் மூன்று நிறத்தில் காட்டினேன். அந்தத் தாளை அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அன்றைக்குச் செய்த சிகிச்சையில் மிகப் பயனுள்ளது அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அறுவையா, பயிற்சியா

முதலில் பார்த்த எலும்பு மருத்துவர் அறுவை செய்துவிடலாம் என்றார். குடும்பம் பயந்தது. இரண்டாவது கருத்துக்குப் புதுச்சேரிக்குப் போகச் சொன்னேன். அங்கே பார்த்த மருத்துவர் அறிக்கையைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காலைக் கையில் எடுத்தார். கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்க்கும் சோதனையில் கொஞ்சம் நகர்ந்து, பின் கெட்டியாக நின்றது. திருப்பிப் பார்த்தபோது மூட்டு நழுவவில்லை. நடக்கும்போது திடீரென்று கால் விட்டுப்போவதோ, மூட்டு பூட்டிக்கொள்வதோ இல்லை. 3 மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து பார்க்கலாம், அந்த இரண்டில் ஏதாவது ஒன்று வந்தால் உடனே அறுவை பற்றிப் பேசலாம் என்று முடிவானது.

மெத்தையைத் தொடாமல் விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஃபின்லாந்தில் 35 முதல் 65 வயது வரையிலான 146 பேரிடம் நடத்தி 2013-ல் வெளியான ஆய்வில், தேய்மானத்தால் கிழிந்த மெத்தையை நுண்துளை அறுவையில் வெட்டி எடுத்தவர்களும், வெட்டியது போலப் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களும் ஓராண்டு முடிவில் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள்.

முதல் கட்டம்: மார்ச் முதல் ஜூலை வரை

இந்தக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். முதலில் வீக்கத்தை இறக்கினோம். காலை முழுதாக நீட்ட வைப்பதை மடக்குவதற்கு முன்னால் வைத்தேன், நீட்ட முடியாத கால் நொண்டிக்கொண்டேதான் இருக்கும். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவது, மின்தூண்டல் கொடுத்துத் தொடையை விழிக்க வைப்பது, சைக்கிள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது என்று போனது. மே மாதக் கடைசியில் 125 பாகை மடங்கியது. ஜூனில் பள்ளி திறந்ததும் வேலைக்குப் போனார். வண்டி ஓட்டினார். சிக்னலில் இடது காலை ஊன்றி நிற்க முடிந்தது. தொடை வித்தியாசம் 1.5 செ.மீ. ஆகக் குறைந்தது.

ஜூலைக் கடைசியில், "நடக்கிறீங்க, படியேறுறீங்க, இனி வீட்டிலேயே செய்யுங்க சார்" என்று அனுப்பிவிட்டேன். நடுவராக நிற்கலாமா என்று கேட்டார். ஓடக் கூடாது, நிற்கலாம் என்றேன். இரண்டு பேருமே அதை நிற்கிற வேலை என்றுதான் நினைத்துப் பேசினோம்.

ஆகஸ்டில் நடந்தது

பள்ளிகளுக்கு இடையிலான குறுவட்டப் போட்டிகள் வந்தன. ஒரே நாளில் 4 ஆட்டங்களுக்கு நின்றார். அன்று மாலை வலி இல்லை. மறுநாள் காலை முழங்கால் உருண்டு திரண்டு, ஏறக்குறைய மார்ச் மாதத்து அளவுக்கு வீங்கியிருந்தது. தொடையை இறுக்கச் சொன்னேன், மறுபடி அதே வியர்வை.

அவர் மனம் உடைந்துபோனார். வலியைவிட வெட்கம்தான் அவரை அதிகம் வாட்டியது. "ஆடின பசங்க எல்லாம் நல்லா இருக்காங்க. பக்கத்துல நின்ன வாத்தியாருக்குக் கால் வீங்கிடுச்சுன்னா என்ன சொல்வாங்க?" என்றார். பெரிய மருத்துவமனைக்கே போய்விடலாம், அறுவை செய்துகொள்ளலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. மறுபடி சோதித்ததில் மூட்டு ஆடவில்லை, பூட்டிக்கொள்ளவும் இல்லை. புதிதாக எதுவும் கிழிந்ததாகத் தெரியவில்லை. அப்படியானால் நிற்பதில் ஏன் வீங்கியது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

மைதானத்தில் ஒரு மாலை

செப்டம்பரில் ஒரு மாலை மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கத்துக்கு நோட்டோடு போனேன். கபடிப் பயிற்சி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆட்டக்காரர்களைப் பார்க்காமல் ஒரு நடுவரின் கால்களை மட்டும் 20 நிமிடம் பார்த்தேன். முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து கடைசிக் கோடு 6.5 மீட்டர். ஒரு பாட்டுக்கு, அதாவது ஒருவர் எதிரணிப் பக்கம் பாடிப் போய்த் திரும்புவதற்கு, அதிகம் போனால் 30 விநாடி. அப்படியானால் 20 நிமிடப் பாதி ஒன்றில் நிறுத்தங்களை விட்டால் குறைந்தது 40 பாட்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவர் பாடிப் போகிறவரோடு சேர்ந்து பக்கவாட்டில் நகர்கிறார், பார்வையை அவர் காலிலிருந்து எடுப்பதே இல்லை. 4 மீட்டர் போக, 4 மீட்டர் வர என்று குறைத்துக் கணக்கிட்டாலும் ஒரு பாதிக்கு 320 மீட்டர், முழு ஆட்டத்துக்கு 640 மீட்டர். அத்தனையும் நண்டு நடை.

கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டைக் கால் தாண்டியதா என்று பார்க்க முழங்காலை மடக்கிக் குனிகிறார். ஆட்கள் தன் பக்கம் சரியும்போது இரண்டு மூன்று அடி பின்னால் துள்ளுகிறார். அந்த ஒரு பாதியில் குனிந்தது 50 தடவைக்கு மேல், பின்னால் துள்ளியது 27 தடவை. என் நோட்டில் கோடு கோடாக இருக்கிறது.

களத்தைப் பார்த்து நிற்பவர் வலப்பக்கம் நகர இடது காலால் உந்துகிறார். இடப்பக்கம் நகரும்போது அதே இடது கால்தான் வேகத்தைப் பிடித்து நிறுத்துகிறது. இரண்டிலும் முழங்காலை உள்பக்கம் தள்ளும் விசை கிழிந்து ஆறிய அந்த உள்பக்கத் தசைநார் மேலேயே விழுகிறது. 5 மாதமாக நான் கொடுத்த பயிற்சிகள் எல்லாம் முன்னும் பின்னும், மேலும் கீழும் போகிறவை. பக்கவாட்டில் ஒன்றுகூட இல்லை. ஆகஸ்டில் அந்தக் காலை நான் பழக்காத ஒரு வேலைக்கு, ஒரே நாளில் 4 ஆட்டத்துக்கு அனுப்பியிருந்தேன்.

இரண்டாம் கட்டம்: மொட்டை மாடியில் ஆடுகளம்

வீக்கம் இறங்கியதும் திட்டத்தை மாற்றினேன். அவர் வீட்டு மொட்டை மாடியில் சாக்பீஸால் 6.5 மீட்டருக்குக் கோடு போட்டார். நடுக்கோடு, போனஸ் கோடு, கடைசிக் கோடு எல்லாம் அளவாக. முதல் இரண்டு வாரம் தொடையில் ரப்பர் பட்டை மாட்டி மெதுவாகப் பக்கவாட்டு நடை. அதற்கப்புறம் பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் பாடிப் போகிறவனாக நின்றான். அவன் எந்தப் பக்கம் பாய்கிறானோ அந்தப் பக்கம் அப்பா நகர வேண்டும், கோட்டைத் தொட்டால் குனிய வேண்டும், கையைத் தட்டினால் பின்னால் துள்ள வேண்டும். விசில் வாயிலேயே இருந்தது. 5 நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு 2 நிமிடம் கூட்டினோம்.

கூட்டுவதா குறைப்பதா என்பதை வலியை வைத்து முடிவு செய்யவில்லை, மறுநாள் காலை அளவை வைத்துத்தான் முடிவு செய்தோம். எழுந்ததும் சில்லின் நடுவில் டேப் சுற்றி அளந்து, பள்ளிக்கூட 40 பக்க நோட்டில் தேதியோடு எழுதினார். முந்தின நாளைவிட அரை செ.மீ. வரை கூடினால் அதே நேரம், 1 செ.மீ. கூடினால் ஒரு நாள் ஓய்வு, அப்புறம் பாதி நேரம். "இன்று 39, நேற்று 38.5, மகன் ரொம்ப ஆட்டிவிட்டான்" என்று ஒரு நாள் குறிப்பு. வலியைச் சொல்லத் தயங்கும் மனிதர், எண்ணை எழுதத் தயங்கவில்லை.

நவம்பர் கடைசியில் 17 நிமிடம் வரை வந்திருந்தார்.

புயலும் சேறும்

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. அவர் வீடு ஆற்றங்கரைப் பக்கம். இரண்டு நாள் பொருள்களைப் பரணில் ஏற்றினார், வெள்ளம் வடிந்தபின் முழங்கால் அளவுச் சேற்றை வாரிக் கொட்டினார். சேற்றில் புதைந்த பாதத்தை இழுத்து எடுக்கும்போது முழங்கால் திருகியது. 3 வாரம் பயிற்சி நின்றுபோனது. என் நிலையத்திலும் தண்ணீர் புகுந்து, நானும் 10 நாள் திறக்கவில்லை.

டிசம்பர் மூன்றாம் வாரம் வந்தபோது வீக்கம் 2 செ.மீ. கூடியிருந்தது. ஆனால் தொடையை இறுக்கச் சொன்னதும் இறுகியது. ஆகஸ்டுக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம். தசை தன் வேலையை விடவில்லை என்பதால் 6 நிமிடத்திலிருந்து மறுபடி தொடங்கி, 5 வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிட்டார்.

2025 பொங்கலுக்கு அதே கிராமத்திலிருந்து அழைப்பு வந்தது. வேண்டாம் என்றேன். கோபித்துக்கொண்டார், இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. கடைசியில் ஸ்கோர் எழுதும் மேசையில் உட்காரச் சம்மதித்துப் போனார். இரவு 12 மணிக்கு எழுந்து வந்துவிட்டதாகச் சொன்னார்.

மறுபடி களத்தில்

பிப்ரவரியில் வைத்த நிபந்தனைகள் சில. இடது காலில் மட்டும் முன்னாலும் பக்கவாட்டிலும் தாண்டும் தூரம், வலது காலில் தாண்டும் தூரத்தில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும். மொட்டை மாடிப் பயிற்சி 20 நிமிடம், வாரம் 3 நாள், தொடர்ந்து 3 வாரம் காலை அளவு கூடாமல் முடிய வேண்டும். முதல் சோதனையில் முன்தாண்டல் 91, பக்கத்தாண்டல் 82. அந்தப் பக்கத்தாண்டலுக்காகவே இன்னும் ஒரு மாதம் பிடித்தது.

மார்ச் கடைசியில் பயிற்சி ஆட்டம் ஒன்றில் ஒரு பாதி மட்டும் நின்றார். ஏப்ரல் நடுவில் முழு ஆட்டம், 20 நிமிடமாக இரண்டு பாதி, நடுவில் 5 நிமிட ஓய்வு. மறுநாள் காலை அளவு 38.5, மாற்றம் இல்லை.

அடிபட்டு அப்போது 15 மாதம் ஆகியிருந்தது. தரையில் சம்மணமிட்டு 10 நிமிடத்துக்கு மேல் இன்னும் உட்கார முடியவில்லை. பந்தியில் நாற்காலி கேட்டு வாங்குகிறார். தொடை வித்தியாசம் 0.5 செ.மீ. நிற்கிறது, அது போகுமா என்று உறுதி சொல்ல மாட்டேன்.

இனி வேறு மாதிரி செய்வது

முதல் நாளே, "வேலையில் உங்கள் கால் என்ன செய்கிறது?" என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். பதில் "சும்மா நிற்பேன்" என்று வந்தால் நேரில் போய்ப் பார்க்கிறேன், முடியாவிட்டால் செல்போனில் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். இவர் விஷயத்தில் மார்ச் மாதமே மைதானத்துக்குப் போயிருந்தால் ஆகஸ்டு வீக்கம் வந்திருக்காது என்றே நம்புகிறேன். பக்கவாட்டுப் பயிற்சியை வீக்கம் இறங்கிய உடனேயே, மே மாதமே தொடங்கியிருப்பேன்.

எலும்பு முறியவில்லை என்ற எக்ஸ்ரேயோடு வீங்கிய முழங்கால் வந்தால், 10 நாளுக்குள் ஒரு மருத்துவர் கையால் சோதிக்க வேண்டும் என்று உள்ளூர் உடற்கல்வி ஆசிரியர்களிடம் சொல்லி வருகிறேன். கட்டுப் போட்டாலும் கூட, தொடையை இறுக்கி விடுவதை முதல் வாரத்திலேயே தொடங்கலாம், அதற்குக் கட்டைப் பிரிக்க வேண்டியதில்லை.

போட்டி நடத்துபவர்களிடம் அவரே பேசுகிறார். கயிற்றை லாபியிலிருந்து தள்ளிக் கட்டச் சொல்கிறார், பின்னால் துள்ள நாலு அடியாவது இருந்தால்தான் விசில் எடுக்கிறார். ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டம் என்பது அவர் தனக்கு வைத்துக்கொண்ட எல்லை. இப்போதும் ஆட்டத்துக்கு மறுநாள் காலை டேப்பை எடுத்து அளந்து எனக்கு எண்ணை அனுப்புகிறார். அந்த 40 பக்க நோட்டு முடிந்து இரண்டாவது நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.